எதிர்க்கரைப் புகை

ஹார்லன் என்ற கடற்கழியின் கரையில், விடுமுறைக்கு வருகிறவர்கள் வாடகைக்குத் தங்கும் கேரவன் பார்க்கில் துப்புரவு வேலை செய்த நோலீன் டிரான்டர், குளியலறைக் கட்டடத்தைக் கழுவும்போது பெண்கள் பக்கத்து மூன்றாவது அறைக்கு மட்டும் தனி முறை வைத்திருந்தாள். முதலில் வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுப்பாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாது என்று கையால் தள்ளிப் பார்ப்பாள். அப்புறம்தான் உள்ளே போவாள். போனாலும் யாரோ துரத்துகிற மாதிரி தேய்த்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். பார்க்கின் உரிமையாளர் டாட் ஹானரன் இதை ஆரம்பத்திலிருந்தே கவனித்தவள்தான். ஏன் என்று கேட்டதில்லை. அந்தக் கதவு உள்ளே தாழிட்டிருந்த சாயங்காலத்தில் அவளும் அங்கே நின்றிருந்தாள்.

நோலீனுக்குச் சொந்த ஊர் மோ என்ற சிறு நகரம். கணவன் டெஸ், ஒல்லியான ஆள், அங்கே மின்நிலையத்தில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் இருக்கும்வரை வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல இருப்பான். அந்த நாட்டுக் கோடையில், கிறிஸ்துமஸ் முடிந்து, கூடாரத்தைச் சுருட்டி வண்டியின் கூரைமேல் கட்டினானோ இல்லையோ, ஆளே மாறிவிடுவான். சீட்டியடிப்பான். வழியெல்லாம் பிள்ளைகளிடம் புதிர் போடுவான். அவர்கள் போகும் இடம் கழியின் எதிர்க்கரையில் இருந்த திருக்கை முனை. யூகலிப்டஸ் மரங்கள் தண்ணீர்வரை இறங்கி நிற்கும் காடு. குழாய் கிடையாது, விளக்கு கிடையாது, வாடகை கேட்க ஆளும் கிடையாது.

நோலீனுக்கு அந்த இடம் பிடிக்காமல் இல்லை. கல்யாணமான புதிதில் இரண்டு பேருமாக அங்கே தங்கியிருக்கிறார்கள். காலையில் கூடாரத் துணிக்கு வெளியே வாலபி என்ற குட்டிக் கங்காரு புல் மென்னும் சத்தம் கேட்டு இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்ததை அவள் கடைசிவரை மறக்கவில்லை. மகள் ஜெனின் மணலில் பறவைக்கால் தடம் பார்த்து இது இன்ன பறவை என்று சொல்லக் கற்றதும் அங்கேதான். சின்னவன் வெய்ன் முதன்முதலாகத் தலை முங்கக் குளித்ததும் அங்கேதான். ஆனால் பிள்ளைகள் வந்த பிறகு அந்தக் காடு வேறு காடாகிவிட்டது. ஓடையிலிருந்து தண்ணீர் தூக்குவது அவள். பச்சை விறகை ஊதி ஊதிக் கண் சிவப்பது அவள். வெய்ன் நனைத்த படுக்கையை ஓடைத் தண்ணீரில் அலசி மரங்களுக்கு நடுவே கட்டிய கம்பியில் போடுவதும், டெஸ் பிடித்து வரும் மீனுக்குச் செதில் உரிப்பதும் அவள்தான்.

"இந்த வருஷம் அக்கரையில பார்க்குல போட்டுக்கலாமா, டெஸ்? ஒரு வாரம்தான்" என்று அவள் கேட்பாள்.

"மரத்தடிக்கு வாடகை கேக்கற காலம் இன்னும் வரல. வந்தா அப்ப பாக்கலாம்." அவன் சிரித்துக்கொண்டே சொல்வான். "அங்க என்ன இருக்கு? பக்கத்து கேரவன்காரன் குறட்டைய காசு குடுத்துக் கேக்கணும்."

எழுபத்தெட்டாம் வருஷம் ஜனவரியில் மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. கூடாரத்தின் தரையில் தண்ணீர் ஊறியது. ரொட்டியில் பூஞ்சை ஏறியது. தீப்பெட்டி முழுக்க ஈரம். ஒரு காலையில் டெஸ் மழையிலேயே போய் நாலு தட்டைத்தலை மீனோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "பாருடி, கடையில இதுக்கு எவ்வளவு குடுப்பே?" என்று அவள் முன்னால் இலைமேல் போட்டான். நோலீன் மீனைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். "தீப்பெட்டி வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லி அலுமினியப் படகை எடுத்துக்கொண்டு தானே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போனாள்.

பார்க்கின் கடையில் டாட் நின்றிருந்தாள். "மழையில நனைஞ்ச கோழி மாதிரி நிக்கறியே, கண்ணு. போ, முதல்ல குளிச்சுட்டு வா" என்று குளியல் குழாய்க்குப் போடும் காசை மேசைமேல் தள்ளினாள். நோலீன் போய் மூன்றாவது அறையில் நின்றாள். சுடுதண்ணீர் தலையில் விழுந்தது. யாரும் தூக்காத தண்ணீர், யாரும் காய்ச்சாத தண்ணீர். காசு தீர்ந்து தண்ணீர் நின்ற பிறகும் அவள் அங்கேயே நின்றாள். வெளியே வந்து டாட் கொடுத்த டீயைக் குடித்தாள். படகுவரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள். மத்தியானம் போய்விட்டது.

சாயங்காலம் டெஸ் வண்டியில் சாலையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் நோலீன் அதே அறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள்.

"நோலீன்." கதவுக்கு வெளியே அவன் குரல் கேட்டது. பெண்கள் பக்கம் என்பதால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றிருப்பான். "பசங்க வண்டியில இருக்காங்க."

அவள் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சுடுதண்ணி வேணும்னா சொல்லியிருக்கலாமே."

எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்! ஆனால் அதை அவள் சொல்லவில்லை. வெளியே தூரத்தில் வெய்ன் அழும் குரல் கேட்டது. "வண்டி ஒழுகுது! ஒழுகுது!" என்று கத்தினான். ஜெனின் அவனை அதட்டினாள். நோலீனின் கை தாழ்ப்பாள்மேல்தான் இருந்தது. டெஸ்ஸின் செருப்புச் சத்தம் சரளைக்கல்லில் போயிற்று. வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, வண்டி கிளம்பியது.

ஏன் திறக்கவில்லை என்று அவள் பிறகு தன்னைக் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. கோபம் இல்லை. டெஸ்ஸின் மேல் வெறுப்பும் இல்லை. அவன் கை நீட்டியவனும் அல்ல, குடிகாரனும் அல்ல. திறந்தால் நாளைக் காலையில் தண்ணீர் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் மனத்தில் இருந்தது அது ஒன்றுதான். அவ்வளவு அற்பமான காரணத்துக்காக யாராவது பெற்ற பிள்ளைகளை விடுவார்களா? விட்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்துத் தெருமுனைத் தொலைபேசியிலிருந்து நாத்தனார் மேவிஸைக் கூப்பிட்டாள்.

"பசங்க நல்லா இருக்காங்க" என்றாள் மேவிஸ். "உன்னைக் கேக்கறதில்ல. நீயும் கேக்காதே. ஆறிட்டு வர்ற புண்ண நோண்டாதே, நோலீன்."

அதற்கப்புறம் வக்கீல் அனுப்பிய தாள்கள் வந்தன. நோலீன் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். டாட் அவளுக்குத் துப்புரவு வேலை கொடுத்தாள். பார்க்கின் பின்கோடியில், சக்கரம் மண்ணில் புதைந்துபோன ஒரு பழைய கேரவனையும் கொடுத்தாள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் காலையில், துவைத்த விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த நோலீன் தலை நிமிர்ந்தபோது, எதிர்க்கரையில் திருக்கை முனையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதே வளைவு, அதே மரங்களுக்கு இடையில். கையிலிருந்த விரிப்பு மண்ணில் விழுந்தது.

டெஸ் வந்திருக்கிறான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்கு வந்திருக்கிறான். என்னவென்று எடுத்துக்கொள்வது? வக்கீல் மூலமாக ஒரு பேச்சு, புகை மூலமாக வேறொரு பேச்சா? வா என்கிறானா? நாங்கள் நீ இல்லாமலும் அடுப்பு மூட்டுவோம், பார் என்கிறானா?

அன்று மாலை மீன்பிடித்துத் திரும்பிய ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்பவள்போலக் கேட்டாள். "அந்த முனையில யாரு இருக்காங்க?"

"ஒல்லியா ஒரு ஆளு, பசங்களோட. நல்ல மனுஷன், தூண்டில் இரை குடுத்தான்" என்றார் அவர்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. போதுமாக இருந்தது.

அப்படியாக ஒவ்வொரு கோடையும் புகை வந்தது. அவள் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். புகை கருத்து எழுந்தால் டெஸ் ஈர விறகைத் திணிக்கிறான். நேரங்கழித்து எழுந்தால் பிள்ளைகள் தூங்குகிறார்கள். பெரியவர்களாகிவிட்டார்கள், இனி அப்படித்தான். ஒரு வருஷம் இரண்டு புகைகள் பக்கம் பக்கமாக எழுந்தன. ஜெனினுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று நோலீன் முடிவு செய்தாள். அன்று டாட் வீட்டுக்குப் போய் ஒரு கிளாஸ் ஷெர்ரி ஒயின் கேட்டு வாங்கிக் குடித்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. இன்னொரு வருஷம் புகையே இல்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காமல் திரிந்தாள். வெயில் கொடுமையால் தீ மூட்டத் தடை போட்டிருக்கிறார்கள் என்று வானொலியில் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தாள்.

தென்மேற்குக் காற்று அடித்தால் புகை தண்ணீரைத் தாண்டி வந்துவிடும். கொடியில் காயும் துண்டுகளில் ஏறிக்கொள்ளும். விருந்தினர்கள் முகம் சுளிப்பார்கள், மறுபடி துவைக்க வேண்டும். அவள் எல்லாவற்றையும் துவைப்பாள், ஒரு தலையணை உறையைத் தவிர. அதைத் தன் கேரவனுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதன்மேல் தலை வைத்துப் படுத்தால், கூடாரத்தின் துணிச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பதுபோல இருக்கும். அவளும் அசையமாட்டாள்.

"படகு இருக்கு, துடுப்பு இருக்கு, உனக்குக் கையும் இருக்கு" என்று டாட் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "ஒண்ணு, போயிட்டு வா. இல்ல, பாக்கறத நிறுத்து. இப்படி நின்னுக்கிட்டே பொணமாகாதே."

"போய் என்னன்னு சொல்றது?"

"தீப்பெட்டி வாங்க லேட்டாயிடுச்சுன்னு சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். நோலீனின் சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது.

பார்க்குக்கு வருகிறவர்களுக்கு அவள் கலகலப்பான ஆள்தான். வாடகை ஏற ஏற முணுமுணுப்புகளும் ஏறின. ஒரு தகப்பன் அலுவலக வாசலில் நின்று, "கால் நீட்ட இடமில்ல, இதுக்கு இவ்வளவு காசா? பேசாம காட்டுல போய் சும்மா படுத்துக்கலாம்" என்று கத்தினான். துடைப்பத்தோடு போய்க்கொண்டிருந்த நோலீன் நின்றாள்.

"தாராளமா படுத்துக்குங்க. நல்ல இடம். போறதுக்கு முன்னாடி யாரு தண்ணி தூக்கறதுன்னு மட்டும் வீட்ல பேசி முடிச்சுட்டுப் போங்க. சும்மான்னா என்ன அர்த்தம்? அந்த வாடகைய ஒருத்தர் முதுகுல இருந்து எடுத்துக் கட்டறாங்கன்னு அர்த்தம்."

அவன் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவன் வாடகையைக் கட்டினான்.

டாட்டுக்கு வயதாகிவிட்டது, மகன் பார்க்கைப் பார்த்துக்கொண்டான். நோலீனுக்கும் ஐம்பத்தேழு நடந்துகொண்டிருந்தது. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஜனவரியில் ஒரு பிற்பகல், கழிக்கரை வரிசையில் இருந்த சின்ன வீட்டுக்குத் துண்டுகள் கொண்டுபோனாள். படியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள் வந்தவள். இரண்டு நாளாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நோலீனுக்குத் தோன்றியிருந்தது.

"நீங்கதானே நோலீன்?"

"ஆமா. துண்டு இன்னொண்ணு வேணுமா?"

"வேணாம். நான் ஜெனின்."

நோலீன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்து தானாகத் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. எதிர்க்கரையில் புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

"படகுலயா வந்தே? வெய்ன் அங்கதான் இருக்கானா? அப்பாவுக்குத் தெரியுமா நீ வந்தது?"

"எங்க?"

"அங்கதான். முனையில."

ஜெனின் எழுந்து நின்று புகையைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். "அங்க யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள் மெதுவாக. "அப்பா போன ஜூன்ல போயிட்டார். அடக்கத்தன்னிக்கு மேவிஸ் அத்தைதான் ரெண்டு கிளாஸ் உள்ள போனதும் சொன்னாங்க, நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்கன்னு."

"ஆனா வருஷா வருஷம்..."

"நாங்க அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல. ஊருக்குப் போனதும் முதல் வேலையா கூடாரத்த வித்துட்டார். அப்புறமெல்லாம் கேரவன் பார்க்குதான். ஓவர்டைம் பாத்துக் காசு சேத்துக் கூட்டிட்டுப் போவார். முதல் தடவ குளிச்சுட்டு, தலைய துவட்டிக்கிட்டே வந்தார். 'சுடுதண்ணி நல்லாத்தான் இருக்கு'ன்னு சொன்னார். அன்னிக்கி முழுக்க அப்புறம் பேசவே இல்ல."

நோலீன் துண்டுகளைப் படியில் வைத்துவிட்டு அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.  ஜெனின் அவளைத் தொடவில்லை. அங்கிருந்து போகவும் இல்லை.

"அப்ப அது யாரு?" என்றாள் நோலீன் கடைசியில்.

மறுநாள் காலை இருவரும் பார்க்கின் படகில் போனார்கள். மோட்டாரை ஜெனின் பிடித்துக்கொண்டாள். பகையாளி வீட்டுக்குப் போகிறவளைப்போல நோலீன் முதுகை நேராக வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முனையில் இரண்டு கூடாரங்கள் இருந்தன. கரி படிந்த கெட்டில் நெருப்பின்மேல் தொங்கியது. வயதான ஒரு அம்மாள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஹெனி. அவள் கணவர் யோப், ஒல்லியான உயரமான கிழவர், இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு ஓடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. டீ இருக்கு" என்றாள் ஹெனி. "எங்க ஊர் ஹாலந்து. இங்க எழுபத்தெட்டு கிறிஸ்துமஸ்ல இருந்து வர்றோம். அஞ்சு பசங்க. ஏழு பேருக்கு பார்க்குல வாடகை கட்டினா அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் பட்டினிதான். இவரு என்னை ஏமாத்தி இங்க கொண்டாந்தாரு, சொர்க்கம் சொர்க்கம்னு சொல்லி."

"சொர்க்கம்தானே?" என்றார் யோப் வாளியை வைத்தபடி.

"பேசாதய்யா. இருபது வருஷம் நான் தூக்கினேன். முட்டி போனதுக்கப்புறம்தான் உனக்கு வாளி எங்க இருக்குன்னே தெரிஞ்சுது." அவள் நோலீனிடம் திரும்பினாள். "ரெண்டு தடவ மூட்டை கட்டிட்டேன், தெரியுமா? ஒரு தடவ நெடுஞ்சாலை வரைக்கும் நடந்தே போயிட்டேன். பஸ்ஸே வரல. திரும்பி வந்துட்டேன்."

நோலீன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். இங்கே வளர்ந்தவர்கள் யோப்பின் பிள்ளைகள். நேரங்கழித்து எழுந்தவர்கள், இரண்டாவது அடுப்பு மூட்டியவர்கள், எல்லாம் அவர்கள். அவள் ஷெர்ரி குடித்தது முகம் தெரியாத ஒரு டச்சுப் பெண்ணின் கல்யாணத்துக்கு. இரண்டு மரங்களுக்கு நடுவே துணி காயப்போடும் கம்பி ஒன்று இருந்தது. மரப்பட்டை வளர்ந்து கம்பியின் முனைகளை விழுங்கியிருந்தது.

"இது நாங்க கட்டினதில்ல" என்றாள் ஹெனி அவள் பார்வையைத் தொடர்ந்து. "வரும்போதே இருந்துச்சு. யாரோ பெண்பிள்ளை நினைச்சுக் கட்டச் சொல்லியிருக்கா. அவளுக்குப் புண்ணியம்."

நோலீன் போய் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே அழுதாள். சத்தமில்லாமல் அழ அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. ஜெனின் வந்து பின்னால் நின்றாள். "வாம்மா, போகலாம்" என்றாள். அப்போதுதான் முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டாள்.

திரும்பும் வழியில் ஜெனின் மோட்டாரை நிறுத்திப் படகை நடுத்தண்ணீரில் மிதக்கவிட்டாள். "நீ ஒரு தடவையாவது வந்திருக்கலாம்" என்றாள். குரலில் அதட்டல் இருந்தது, தம்பியை அதட்டும் அதே குரல். "இங்க இல்ல. வீட்டுக்கு."

"வந்திருக்கலாம்" என்றாள் நோலீன். 

ஜெனின் ஊருக்குப் போன பிறகும் யோப்பின் புகை இரண்டு வாரம் எழும்பியது. நோலீன் அதைப் பார்க்காமல் துணி காயப்போட முயன்றாள். முடியவில்லை. முன்பெல்லாம் அதன் அடியில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். வருஷா வருஷம் ஒரு விரற்கடை வளர்ந்தார்கள், தகப்பனோடு சண்டை போட்டார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் இப்போது எங்கே? மோவில் வளர்ந்தவர்கள் வேறு இருவர். புகைக்கு அடியில் இருந்தவர்களை யாரும் பெறவில்லை. நோலீன் மட்டும் வளர்த்தாள். அவர்களுக்காக அழ ஊரில் ஆள் இல்லை. தென்மேற்குக் காற்று அடித்தபோது எல்லாத் துண்டுகளையும் மறுபடி துவைத்தாள். ஒரு உறையைக்கூட எடுத்துவைக்கவில்லை. அன்று படுக்கையில் புகை வாசம் இல்லை. ஆனாலும் துணிச்சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு இருந்தது.

ஈஸ்டருக்கு ஜெனின் டிரரால்கனில் இருந்த தன் வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டாள். பஸ்ஸில் போனாள். ஜெனினின் கணவன் ஆட்டுக்கால் வறுவல் செய்தான். பேத்திகள் இருவரும் அவளை முதலில் எட்ட நின்று பார்த்தார்கள். பிறகு அவள் சட்டைப் பொத்தானைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். வெய்ன் வரவில்லை. வரமாட்டான் என்று ஜெனின் முன்பே சொல்லியிருந்தாள். நோலீனும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை.

கிளம்பும் நாள் காலையில் வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. இறங்கி வந்தவனுக்கு டெஸ்ஸின் தோள். தலை முன்பக்கம் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. அவள் பெட்டியை எடுத்து வண்டியில் வைத்தான். பஸ் நிலையம்வரை வாயில் கொழுக்கட்டைதான். நோலீன் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு விரலில் பழைய தழும்பு இருந்தது. எப்போது பட்டது, யார் கட்டுப் போட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

பஸ் வந்தது. பெட்டியை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியவன் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"அடுத்த தடவ உங்க பக்கத்து பேர்ன்ஸ்டேல்ல இருந்து ரயில்ல வாங்க. இப்ப திரும்ப ஓடுது. பஸ் ஊரெல்லாம் சுத்திட்டு வரும்."

"சரிப்பா" என்றாள் நோலீன்.

அவன் வண்டிக்குள் ஏறினான். பஸ் கிளம்பும்வரை அங்கேயே இருந்தான்.